ஒன்றரை இஞ்ச் தண்ணி

ஏனுங்க்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. நான் ஒட்டுக் கேக்கலைங்க. பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு இத்தனை சத்தமா போன்ல பேசுனா காதுல விழத்தான செய்யும். தோட்டத்துல போர் போட்டு ரெண்டு இஞ்ச் தண்ணி வந்துருக்குன்னீங்களே, நெசமாங்களா? நெம்ப சந்தோசங்க்கா! இந்தக் கோடையில ரெண்டு இஞ்ச்சுங்கறது லேசுப்பட்ட காரியமில்லைங்க. மணிக்கு ரெண்டாயிரத்தித் தொள்ளாயிரம் லிட்டர். நிமிஷத்துக்கு நாப்பத்தெட்டு. ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கறேனுங்க. அந்தப் போர்ல வேற யாருக்காச்சும் பங்கு இருக்குதுங்களா?

கொழுந்தனாருக்கா. பாதியா. ஆளுக்கு ஒரு இஞ்ச்சுன்னு பேசி முடிச்சாச்சா?

அய்யோ.

இல்லைங்க்கா, பயப்படாதீங்க. இனிமே இதப் பத்தி யார்கிட்டயும் வாயே தொறக்கக் கூடாதுன்னு தான் குண்டடத்துல பஸ் ஏறுனேன். அரை மணி நேரம் கூட ஆகல, பாருங்க. ஆனா சொல்லாம இருக்க முடியலைங்க. ரெண்டு இஞ்ச்சுல பாதி ஒரு இஞ்ச் இல்லைங்க்கா. ரெண்டு இஞ்ச்சுல பாதி ஒன்றரை.

சிரிக்காதீங்க! எல்லாரும் இப்படித் தான் மொதல்ல சிரிச்சாங்க.

உங்க போர்ல எப்படி அளந்தாங்க? ஒரு தகரப் பொட்டி வெச்சு, அதோட ஒரு பக்கத்துல முக்கோணமா வெட்டி, அந்த வெட்டு வழியா தண்ணிய வழிய விட்டு ஸ்கேல் புடிச்சுப் பாத்தாங்களா? அதே தான், எங்கூர்லயும் அதே தான். வெட்டோட அடி மூலையில இருந்து தண்ணி எத்தனை இஞ்ச் ஒசரத்துல நிக்குதோ, அத்தனை இஞ்ச் தண்ணி. ஆனா அந்த வெட்டு கீழ ஊசியா இருக்குதுங்களா? மேல போகப் போக அகலமாகுது. தண்ணி ஒசரம் ரெண்டு மடங்கானா அகலமும் ரெண்டு மடங்கு, அதுக்கு மேல வேகமும் கூடிக்குது. மொத்தத்துல அஞ்சரை மடங்குத் தண்ணி! தோசை சுடறீங்கள்ல? ஒரு சாண் தோசைக்கு ஊத்துற மாவுல அரைச் சாண் தோசை ரெண்டா வரும்? நாலு வரும். இதுவும் அந்த மாதிரி தான், இதுல இன்னும் ஜாஸ்தி. ஒரு இஞ்ச்சுன்னா மணிக்கு ஐநூத்திப் பத்து லிட்டர் தாங்க. உங்க கொழுந்தனாருக்கு ஐநூத்திப் பத்து, உங்களுக்கு ரெண்டாயிரத்தி நானூறு.

பாத்தீங்களா, இப்ப சிரிப்பு நின்னு போச்சு.

நான் கோயமுத்தூர்ல ஒரு லேப்ல வேலை பாக்கறேனுங்க. மீட்டர் டெஸ்ட் பண்ற லேப். குழாய்ல தண்ணி எவ்வளவு போகுது, காத்து எவ்வளவு போகுது, கேஸ் எவ்வளவு போகுது, இதெல்லாம் காட்டற மீட்டர் வரும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பாஷை பேசும்ங்க. ஒண்ணு நிமிஷத்துக்கு கன அடிங்கும், ஒண்ணு மணிக்கு கன மீட்டருங்கும். கேலன்ல ஒண்ணு வரும், அதுலயும் அமெரிக்கா கேலன் மூணே முக்கால் லிட்டர், இங்கிலாந்து கேலன் நாலரை லிட்டர். பேரு ஒண்ணு, ஆளு வேற! காத்து இருக்குதே, அது மகா சேட்டை. சூடு பட்டா ஊதிக்கும், அமுக்குனா சுருங்கிக்கும். எப்ப அளந்தது, எந்தச் சூட்டுல அளந்ததுன்னு கேக்காம ஒரு நம்பரையும் தொடாதம்பாங்க எங்க மேடம். எனக்கு இது மேல ஒரு கிறுக்குங்க. எங்க மாடு தண்ணி குடிக்கறதக் கூட நேரம் வெச்சுப் பாத்துருக்கறேன். நிமிஷத்துக்குப் பதினாலு லிட்டர். எங்கம்மா தலையில அடிச்சுக்குவாங்க.

சரி, வெசயத்துக்கு வர்றேன்.

எங்கப்பா பேரு சாமியப்பன். அவருக்கு ஒரே அண்ணன், நாச்சிமுத்துப் பெரீப்பா. ரெண்டு பேருக்கும் கோழிப் பண்ணை, பக்கத்துப் பக்கத்துத் தோட்டம். கம்பெனிக்காரங்க குஞ்சு குடுப்பாங்க, தீவனம் குடுப்பாங்க, நாப்பத்திரெண்டு நாள் வளத்து அவங்களுக்கே லாரியில ஏத்தி விடோணும். தண்ணி மட்டும் நம்மளது. எங்களுக்கு ஒரு ஷெட்டு, ஆறாயிரம் கோழி. பெரீப்பாவுக்கு ரெண்டு ஷெட்டு.

பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எங்க தோட்டத்துல ரெண்டு எடத்துல போர் போட்டாங்க. ரெண்டுலயும் தண்ணிக்குப் பதிலாப் பொகை தான் வந்துச்சு. பெரீப்பா தோட்டத்துல போட்டதுல மூணு இஞ்ச்! அங்கயே, அந்தச் சேத்துல நின்னுக்கிட்டே பெரீப்பா சொன்னாராம், "ஏன்டா மொகத்தத் தொங்கப் போட்டுட்டு நிக்கற? பாதி உன்றது"ன்னு. மூணுல பாதி ஒன்றரை. பத்திரத்துலயே எழுதிட்டாங்க.

அன்னில இருந்து பெரீப்பா அந்த ஒன்றரையைப் புடிச்ச புடி இருக்குதே! மோட்டார் தண்ணி ஒரு தொட்டியில விழும். அதுல இருந்து எங்க ஷெட்டுக்கு ஒரு குழாய், குழாய்ல ஒரு வால்வு, வால்வத் தாண்டி அந்தத் தகரப் பொட்டி. மிச்சத் தண்ணி அவரு பக்கம் போயிரும். தெனமும் காத்தால மோட்டார் போட்ட ஒடனே ஸ்கேல எடுத்துக்கிட்டு எங்க பொட்டிக்குத் தான் வருவாரு. ஒன்றரை நிக்கற வரைக்கும் வால்வத் திருகுவாரு. "டேய் சாமியப்பா, அரை நூல் கூடவே விட்டுருக்கறேன்டா, அப்புறம் அண்ணன் ஏமாத்திட்டான்னு சொல்லாத"ம்பாரு. நூலுன்னா தெரியுமில்லீங்க, இஞ்ச்சுக்கு எட்டு நூல். எங்கப்பா சிரிச்சுக்குவாரு. சுத்துவட்டாரத்துல பங்காளிங்க தண்ணிக்கு அடிச்சுக்கிட்டா எங்க பெரீப்பாவைத் தான் உதாரணம் காட்டுவாங்க. நானும் தான் காலேஜ்ல அவரப் பத்திப் பெருமை பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். அது தாங்க வயிறு எரியுது.

இந்த வருஷம் தை மாசம் லேப்புக்கு அந்த மாதிரி முக்கோண வெட்டுப் போட்ட பொட்டி ஒண்ணு வந்துச்சு. கூடவே ஒரு சார்ட்டு. இத்தனை இஞ்ச்சுன்னா இத்தனை லிட்டர். எனக்கு எங்கூட்டு நெனப்பு வந்துருச்சு. ஒன்றரைக்கு நேராப் பாத்தேன், ஆயிரத்து நானூறு. மூணுக்கு நேராப் பாத்தேன். எட்டாயிரம்!

எட்டாயிரம்ங்க்கா! பாதின்னா நாலாயிரம் வரோணுமா வேண்டாமா? சந்தோசமா கோவமான்னு தெரியல. ரெண்டும் தான்னு வெச்சுக்கங்க. ஒடனே வராந்தாவுக்கு ஓடிப் போயி கோகிலாவுக்குப் போன் போட்டேன். கோகிலா பெரீப்பா பொண்ணு. என்னைவிட நாலு மாசம் மூத்தவ. அக்கான்னு கூப்புடச் சொல்லிக் கிள்ளுவா, நான் கூப்புட்டதேயில்ல. அவ ஊட்டுலயே இருந்து பண்ணையப் பாத்துக்கறா. எதுன்னாலும் நான் மொதல்ல சொல்றது அவகிட்டத் தான்.

"கோகி, மூணுல பாதி ஒன்றரை இல்லடி!"

"காத்தால என்னத்தடி குடிச்ச?"

"அடியே கேளு. எங்களுக்கு நிமிஷத்துக்கு இருவத்திமூணு லிட்டரு, உங்களுக்கு நூத்தி ஒம்போது! பதினோரு வருஷமா!"

கோழிச் சத்தம் மட்டும் கேக்குது. அப்புறம் சொன்னா, "அம்மிணி, இத இப்ப யார்கிட்டயும் பேசாத. இந்த பேட்ச் போகட்டும்."

"ஏன்டி?"

"சொன்னாக் கேளு. நானே சொல்றேன்."

நானும் அவ வாயடைச்சுப் போயிட்டான்னு நெனச்சுக்கிட்டேன். எவ்வளவு பெரிய வெசயத்தக் கண்டுபுடிச்சுட்டா இந்தக் கழுதைன்னு அவளுக்கே ஒரே ஆச்சரியம் போலன்னு! முட்டாளுங்க நானு.

ஒரு மாசம் பொறுத்தேன். ஒரு மாசம்! எனக்கெல்லாம் ஒரு நாள் பொறுக்கறதே பெருசு. பொறுக்க மாட்டாம ஒரு சார்ட்டு போட்டேன். கால் இஞ்ச்சுல இருந்து நாலு இஞ்ச் வரைக்கும், நூல் நூலா, நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர், மணிக்கு இத்தனை லிட்டர், கேலன் கூடப் போட்டேன், எதுக்கும் இருக்கட்டும்னு. லேமினேட் பண்ணி ரெண்டு காப்பி. பொறவு லீவு போட்டு ஊருக்கு வந்தேன்.

வந்து பாத்தா, பெரீப்பா தோட்டத்துல தண்ணி லாரி நிக்குதுங்க! பெரிய டேங்கர் லாரி. ஓஸ் தொட்டிக்குள்ள கெடக்குது. ரெண்டாவது ஷெட்டு வேற தீபாவளியில இருந்தே காலியாக் கெடக்குது. ஒரு ஷெட்டையே சும்மா போட்டு வெக்கற அளவுக்கு எங்கிருந்து வசதி வந்துச்சு? இப்பத் தெரிஞ்சு போச்சுல்ல! நேரா அப்பாகிட்ட ஓடுனேன். அவரு தீவனம் அள்ளிக்கிட்டு இருந்தாரு.

"அப்பா, பெரீப்பா நம்ம தண்ணிய லாரியில விக்கறாருப்பா."

"கைகால் கழுவிட்டுப் போயி சாப்புடு அம்மிணி."

"எட்டாயிரத்துல நமக்கு ஆயிரத்து நானூறு தான்ப்பா. கணக்குப் போட்டு வந்துருக்கறேன்."

"நம்ம கோழி எதாச்சும் தாகத்துல செத்துச்சா?"

"இல்ல."

"அப்ப விடு."

எப்படிங்க்கா விடறது? நீங்களே சொல்லுங்க. பெத்த அப்பனுக்காக ஒருத்தி இத்தனை பாடுபட்டுக் கண்டுபுடிச்சுக்கிட்டு வந்து நிக்கறா, ஒரு பார்வை அந்தச் சார்ட்டப் பாத்திருக்கலாமில்ல? தீவனக் கையோட தொட்டுட்டாப் போகுது, லேமினேட் தான!

மறுநா கம்பெனி சூப்பர்வைசர் கோழி எடை பாக்க பெரீப்பா ஷெட்டுக்கு வந்திருந்தாரு. பெரீப்பாவோட மச்சாங்க ரெண்டு பேரும் இருந்தாங்க. ஷெட்டு முன்னாடி சேர் போட்டு டீ குடிச்சுக்கிட்டு இருக்காங்க. அப்பாவும் போயிருந்தாரு. நாலு பேரு இருக்கறப்ப சொன்னாத் தான் எடுபடும்னு நான் சார்ட்டோட போயிட்டேன்.

"வா அம்மிணி, என்ன கையில? கல்யாணப் பத்திரிகையா?"ன்னு பெரீப்பா சிரிக்கறாரு.

நான் எல்லாத்தையும் சொன்னேன். தோசை சொன்னேன், வெட்டு சொன்னேன், லிட்டர் சொன்னேன். நல்லாத் தாங்க சொன்னேன், ஒரு எடத்துலயும் திக்கல. சூப்பர்வைசர் கூட கால்குலேட்டர எடுத்துத் தட்டிப் பாத்துட்டு, "பாப்பா சொல்றது சரி தானுங்க"ன்னாரு. எனக்கு அப்படியே தலைக்கு ஏறிருச்சு. அந்த வேகத்துல சொல்லிட்டேன், "பதினோரு வருஷமா எங்க தண்ணியக் குடிச்சிருக்கீங்க பெரீப்பா. இப்ப லாரியில வேற விக்கறீங்க"ன்னு.

பெரீப்பா கையில டீ கிளாஸ் பாதி வழியில நின்னு போச்சுங்க.

"மூணுல பாதி ஒன்றரை தான அம்மிணி?"ன்னு கேட்டாரு. வாதத்துக்குக் கேக்கல. நெசமாவே கேட்டாரு. சின்னக் கொழந்தை கேக்கற மாதிரி.

"இல்ல பெரீப்பா. ரெண்டேகால்."

அவரு எங்கப்பாவப் பாத்தாரு. நானும் பாத்தேன். அப்பா, 'ஆமாண்ணா, பொண்ணு சொல்றது நெசம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க? தலையக் குனிஞ்சு தரையப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கறாரு. அவருக்காகத் தான நான் நாலு பேரு முன்னாடி நிக்கறேன்? என்னத் தனியா விட்டுட்டாருங்க்கா.

பெரீப்பா எந்திரிச்சாரு. "நான் திருடனாடா சாமியப்பா?"ன்னு கேட்டாரு. "சரி. பாதின்னு தான் பத்திரம். அம்மிணி சொல்ற பாதியவே வெப்போம். வாங்க எல்லாரும், இன்னிக்கே அளந்துருவோம்"னாரு.

அப்பத் தாங்க கோகிலா ஷெட்டுக்குள்ள இருந்து ஓடி வந்தா. "வேண்டாம்ப்பா! அளக்க வேண்டாம்ப்பா!"ன்னு கத்தறா. பாத்தீங்களான்னு நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். குட்டு ஒடையப் போகுதுன்னு பயம்!

மோட்டார் போட்டாங்க. அவரு பக்கத்த அடைச்சுட்டு, எங்க வால்வ முழுசாத் தொறந்து மொத்தத் தண்ணியவும் எங்க பொட்டி வழியா விட்டாங்க. நான் தான் ஸ்கேல் புடிச்சேன். மூணுல நிக்கும்னு பாக்கறேன். ஏறவே இல்லைங்க. ஸ்கேல் சரியா வெக்கலயோன்னு எடுத்து எடுத்து வெக்கறேன்.

ஒண்ணே முக்கால்.

மூணு இஞ்ச் போரு ஒண்ணே முக்காலுக்கு வந்துருச்சுங்க்கா. மணிக்கு ரெண்டாயிரம் லிட்டர் தான் மொத்தமே. அதுலயும் மூணு மணி நேரத்துக்கு மேல ஓட்டுனா மோட்டாரு காத்து உறிஞ்சுது. அந்த ரெண்டாயிரத்துல எங்களுக்குத் தெனமும் ஒன்றரை இஞ்ச், ஆயிரத்து நானூறு! அவங்களுக்கு அறுநூத்திச் சொச்சம்.

"லாரி அள்ளிட்டுப் போகலடி. ஊத்திட்டுப் போகுது"ன்னா கோகிலா. "மூணு மாசமா வெலைக்கு வாங்கி ஊத்தறோம். ஷெட்டு எதுக்குக் காலியாக் கெடக்குதுன்னு கேக்க மாட்டியா?"

சொல்லிட்டு ஒரு நோட்டக் கொண்டாந்து எம்மேல விட்டெறிஞ்சா. தெனமும் ரீடிங் எடுத்து எழுதியிருக்கறாங்க! மூணு வருஷமா! தேதி போட்டு, இஞ்ச் போட்டு, நூல் போட்டு. ரெண்டே கால், ரெண்டு, ஒண்ணே முக்கால்... காலேஜ்ல அளக்கறதுக்குன்னே இன்ஸ்ட்ருமென்டேஷன் படிச்சது நானு, ரீடிங் எடுத்தது அவ! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? ஏன் சொல்லலன்னு கேட்டா, "தண்ணி கொறஞ்சது கம்பெனிக்குத் தெரிஞ்சா குஞ்சு எறக்க மாட்டாங்க. சித்தப்பாவுக்குத் தெரிஞ்சா ஒன்றரையை வாங்கிக்க மாட்டாரு. உங்கிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி"ங்கறா. எப்படி இருக்குது பாருங்க! நான் யார்கிட்ட என்ன சொல்லிட்டேன்?

அப்பாகிட்டக் கேட்டேன், "உங்களுக்குத் தெரியுமாப்பா?"ன்னு. அப்பத் தான் வாயத் தொறந்தாரு.

"மூணு வருஷமா அண்ணன் பக்கத் தொட்டி காஞ்சுக்கிட்டே வருது. என் பொட்டியில மட்டும் ஒன்றரை ஒரு நூல் கொறையல. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குதுங்க. எல்லாருக்கும்! ஒருத்தர் சொல்லல. எல்லாரும் சேந்து என்ன முட்டாளாக்கிட்டாங்க. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு தாங்க்கா. மொதல் எட்டு வருஷம் மூணு இஞ்ச் வந்துச்சில்ல, அப்ப எங்களுக்கு ஆயிரத்து நானூறும் அவங்களுக்கு ஆறாயிரத்து ஐநூறும் போனது நெசந்தான? அந்தத் தண்ணியில தான அந்த ரெண்டாவது ஷெட்டு வந்துச்சு? அது பொய்யா? அதப் பத்தி ஒருத்தர் மூச்சு விட மாட்டேங்கறாங்க. நான் போட்டதுல ஒரு எடத்துல தப்பு காட்டட்டும் பாப்போம்.

சூப்பர்வைசர் நோட்டப் பொறக்கிப் பாத்துட்டு எந்திரிச்சாரு. "அண்ணா, தண்ணி இல்லாத ஷெட்டுக்கு அடுத்த பேட்ச் எறக்க முடியாதுங்க. எனக்கும் மேல இருந்து கேப்பாங்க"ன்னாரு. பெரீப்பா தலைய ஆட்டிக்கிட்டாரு. பொறவு எம்பக்கம் திரும்பி, "சொல்லு அம்மிணி, ஒண்ணே முக்கால்ல பாதி எத்தனை?"

சார்ட்டு கையில தான் இருக்குது, நூல் நூலாப் போட்டு வெச்சிருக்கறேன்ல? ஒரு இஞ்ச் ரெண்டரை நூல். ஒன்றரையை விட ஒன்றரை நூல் கம்மி.

சொன்னேன். வேற என்ன பண்றது? கேட்டா உள்ளதத் தான சொல்லோணும்.

பெரீப்பா ஒண்ணும் பண்ணல. எங்கப்பா தாங்க போனாரு. போயி எங்க வால்வ அவரு கையாலயே கொறைச்சு ஒரு இஞ்ச் ரெண்டரை நூலுக்கு வெச்சாரு. "இனி இதான். பாதின்னா பாதி"ன்னாரு. பெரீப்பா, "டேய், வேண்டாம்டா, எனக்கு நாலு நாள்ல கோழி ஏறிரும், எனக்கென்னத்துக்குத் தண்ணி"ங்கறாரு. அப்பா கேக்கல. சார்ட்டு ஒண்ணக் கோகிலா கையில குடுத்துட்டு, "மொத்தம் எத்தனை நிக்குதுன்னு தெனமும் நீ பாத்துச் சொல்லு சாமி. பாதி எத்தனைன்னு எம்பொண்ணு சொல்லுவா"ன்னாரு. வேணும்னே தான் சொன்னாரு. கோகிலாவே சார்ட்டப் பாத்துச் சொல்லலாமில்ல? இல்லயாம். நான் தான் சொல்லோணுமாம்.

அன்னில இருந்து தெனமும் காத்தால அப்பா போன் வரும். "ஒண்ணு, அஞ்சு நூல். பாதி?" நான் சொல்லுவேன். வெச்சுருவாரு. சாப்டியான்னு கூடக் கேக்க மாட்டாரு. நான் சொல்லிப் பாத்துட்டேன், "பெரீப்பா தான் வேண்டாங்கறாருல்லப்பா, கொஞ்சம் கூட வெச்சுக்கங்க"ன்னு. "பாதி எத்தனைன்னு கேட்டேன்"ங்கறாரு. பெரீப்பாகிட்டப் போன்ல கெஞ்சுனேன். "நான் தொறந்து தான் விடறேன் கண்ணு. உங்கப்பன் மூடிட்டுப் போறான்"ங்கறாரு. கோகிலா என் நம்பர ப்ளாக் பண்ணிட்டா. பதிமூணு நாளாப் பேசல.

ஆறாயிரம் கோழிக்கு வெயில்ல ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்தி நானூறு லிட்டர் குடிக்க வேணும்ங்க. அது போக ஷெட்டுக்குள்ள மேல பனி மாதிரி தண்ணி தெளிக்கற குழாய் இருக்குது, அதுக்கு ஆயிரத்து எழுநூறு. ஒன்றரை இஞ்ச் வந்தப்ப மூணு மணி நேரத்துல நாலாயிரத்தி எரநூறு. நூல் புடிச்ச மாதிரி சரியா இருந்துச்சு. இப்ப மூவாயிரத்தி நூறு.

நாலு நாளைக்கு முன்னாடி பாருங்க, வெயிலு நூத்தி அஞ்சு. மத்தியானம் தெளிக்கறதுக்குத் தண்ணி தீந்து போச்சு. எங்க ஷெட்டுல மூணு பெரிய ஃபேன் இருக்குது. ஒவ்வொண்ணும் நிமிஷத்துக்கு இருவத்திரெண்டாயிரம் கன அடி காத்துத் தள்ளும், மணிக்கு முப்பத்தேழாயிரம் கன மீட்டர். அத வாங்குன அன்னிக்கு அந்த லேபிளப் படிச்சுட்டு நான் குதிச்ச குதி! தண்ணி தெளிக்கலைன்னா அது தள்றது அனல் தாங்க்கா. ரெண்டு மணியில இருந்து மூணு மணிக்குள்ள முன்னூத்திப் பதினாலு கோழி. வாயப் பொளந்துக்கிட்டு ஒண்ணு மேல ஒண்ணு.

பெரீப்பா ஓடி வந்து தொட்டித் தண்ணி மொத்தத்தையும் எங்க பக்கம் தொறந்து விட்டாராம். எங்கப்பா போயி மூடுனாராம். அவரு தொறக்க, இவரு மூட. ரெண்டு கெழவனுங்களும் ஒரே வால்வப் புடிச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை பேசிக்கலயாம். எங்கம்மா அழுதுக்கிட்டே போன்ல சொன்னாங்க. நான் ஒடனே கெளம்பி வந்தேன். வந்து என்ன? குழி வெட்டிப் பொதைக்கறதப் பாத்தேன். அப்பா என்ன நிமுந்து பாக்கல. இன்னும் பன்னண்டு நாள் கெடக்குது கோழி ஏத்தறதுக்கு. பெரிய கோழி இப்ப, இன்னும் தான் தண்ணி குடிக்கும். இதே மாதிரி இன்னும் ரெண்டு வெயில் அடிச்சா, பெரீப்பாவுக்கு நின்ன மாதிரி எங்களுக்கும் குஞ்சு நின்னு போயிரும்.

அவரு மானஸ்தன், சரி. அண்ணன் தம்பி பாசம், சரி. நடுவுல நான் என்ன பண்ணுனேன்? லிட்டருக்கு மாத்திக் குடுத்தேன், அவ்வளவு தான? மாத்திக் குடுக்கறது ஒரு குத்தமாங்க? அதுவும் நான் ஒரு நாளும் தப்பாச் சொன்னதில்ல. பதிமூணு நாளும் நூல் பிசகாமச் சொல்லியிருக்கறேன். எம்பொழப்பே அதுதானுங்க.

ஒரு நிமிஷம் இருங்க்கா. அப்பா தான்.

சொல்லுங்கப்பா. ஆமாங்கப்பா, பஸ்ல தான், பல்லடம் வரல இன்னும். மோட்டார் போட்டாச்சுங்களா? ம். எத்தனை? ஒண்ணே முக்கால். கோகிலா தான் பாத்தாளா? சரி.

பாதிங்களா.

இருங்கப்பா.

இல்லைங்கப்பா, லைன்ல தான் இருக்கறேன். கேக்குது. அங்க இப்பவே வெயில் ஏறிருச்சுங்களா? ம். ம்.

ஒன்றரைங்கப்பா.

ஆமாங்க. ஒன்றரை. பாத்துத் தான் சொல்றேன். இல்ல... முந்தாநேத்து ஒண்ணே முக்காலுக்கு ஒரு இஞ்ச் ரெண்டரை நூல்னு சொன்னனா? சொன்னேன். அது தப்புங்கப்பா. இல்லைங்க, சார்ட்டே தப்பு. நான் போட்டதே தப்பு. ஆமாங்க. நான் தான் தப்பாப் போட்டுட்டேன்.

கோகிலா பக்கத்துல இருக்காளா? சார்ட்டு அவ கையில தான இருக்குது? அவ என்ன சொல்றா?

ஒண்ணும் சொல்லலயா.

சரிங்கப்பா. திருகுங்க. ஒன்றரை நிக்கற வரைக்கும் திருகுங்க. நான் லைன்லயே இருக்கறேன். நின்னுருச்சா? சரிங்கப்பா. இல்ல, இன்னும் சாப்புடலைங்கப்பா. போயிச் சாப்புட்டுக்கறேன். வெச்சர்றேன்.

பாத்தீங்களாங்க்கா அவள? பதினாலாவது நாளு. கையில சார்ட்ட வெச்சுக்கிட்டு, எங்கப்பா பக்கத்துலயே நின்னுக்கிட்டு, இப்பக் கூட ஒரு வார்த்தை பேசல பாருங்க.